3,000 ஆங்கிலச் சொற்களுக்கு நான் கொடுத்த விலை

பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வுக்கோ, வங்கிப் பணிகளுக்கு ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வுக்கோ தமிழ்வழியில் படித்தவர்கள் தயாராகும்போது, கணக்கும் ரீசனிங்கும் ஓரளவு கைக்கு வந்த பிறகும் ஆங்கிலம் மட்டும் வழிமறித்து நிற்கும். அந்த இடத்தில்தான் 'அட்வான்ஸ்டு வொகாபுலரி' என்ற பெயரில் வகுப்பு விற்பவர்களும் காத்திருக்கிறார்கள். பாம்பனில் பிறந்து, பள்ளிப்படிப்பையும் பிறகு இராமநாதபுரத்தில் இளநிலை இயற்பியலையும் தமிழ்வழியிலேயே முடித்த நான், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்தில் சிக்கிக் கிடந்தேன். எங்கள் தெருவில் எனக்கு முன் இந்தத் தேர்வுகளை எழுதியவர் யாரும் இல்லை. எது தேவை, எது வீண் என்று சொல்ல ஓர் அக்காவோ அண்ணனோ இருந்திருந்தால் அம்மாவின் தோடாவது மிஞ்சியிருக்கும். இப்போது வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். தங்கச்சிமடத்திலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் அழைக்கும் பிள்ளைகளின் முதல் கேள்வி 'அக்கா, எத்தனை வேர்ட்ஸ் படிக்கணும்?' என்பதாகவே இருப்பதால், நடந்ததை வரிசையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுக்கென்று முன்கூட்டியே கொஞ்சம் ஒதுக்கி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பணத்தோடு தோட்டை அடகு வைத்த பணத்தையும் சேர்த்துத்தான் மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். பொதுப் பயிற்சிக்கு 22,000 ரூபாய். 'தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இது இல்லாமல் நடக்காது' என்று சொல்லிச் சொல்வள வகுப்புக்குத் தனியாக 6,500 ரூபாய். விடுதிக்கு மாதம் 4,500 ரூபாய். போதாததற்கு, பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்ட ரயில் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகுதான் மீண்டும் ஓடியது என்பதால், ஊருக்கு வந்துபோக மண்டபம் வரை ஒரு பேருந்து, ரயில் தவறினால் மதுரை வரை இன்னொரு பேருந்து என்று அந்தச் செலவு வேறு. எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டுத் தடைக்காலத்தில் வீட்டில் அரிசியே கடனுக்குத்தான் வாங்கினார்கள் என்பது எனக்கு மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியவந்தது. தெரிந்த அன்று அழக்கூடத் தோன்றவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அந்தச் சொல்வள வகுப்பு நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே முறை இன்றும் பல இடங்களில் நடக்கிறது. சேர்ந்த அன்றே ஸ்பைரல் பைண்டிங் செய்த ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்தார்கள். அகரவரிசையில் 3,000க்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஒரே ஒரு பொருள். நாளொன்றுக்கு ஐம்பது சொற்களைப் படித்து மறுநாள் காலையில் ஒப்பிக்க வேண்டும். 'அபேஸ்', 'அபேட்', 'அபெட்', 'அப்டிகேட்' என்று ஒரே முகச்சாயலில் நிற்கும் சொற்களை ஒரே இரவில் மனப்பாடம் செய்தால், விடிந்ததும் எந்தப் பொருள் எதனுடையது என்று தெரியாமல் போய்விடும். மாற்றிச் சொன்னால் 'தமிழ் மீடியமா?' என்று கேட்பார்கள். ஆங்கிலவழியில் படித்து வந்த பிள்ளைகளும் அதே சொற்களை அதே வேகத்தில் மறந்தார்கள், ஆனால் அவர்களிடம் யாரும் எந்த மீடியம் என்று கேட்டதில்லை. விடுதியில் இரவு அந்தக் கட்டை எடுத்தாலே வயிறு பிசையத் தொடங்கிய காலம் ஒன்று உண்டு.

அந்தக் கட்டு எங்கிருந்து வந்தது என்பதை விடுதியில் தங்கியிருந்த, வெளிநாட்டுப் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் கண்டு சொன்னாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் செல்கிறவர்கள் எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கென்று தொகுக்கப்பட்ட பழைய பட்டியல் அது. அட்டையை மாற்றி, தமிழ்ப் பொருள் சேர்த்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஊருக்கு வந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, 'ஏத்தா, நண்டு வலயக் கொண்டுபோய் சூடைக்கு விட்டா என்னத்தா வரும்?' என்றார். கண் பெரிதாக இருக்கும் அந்த வலையில் சூடை போன்ற சிறு மீன் எல்லாம் நழுவித்தான் போகும். நான் கட்டிய 6,500 ரூபாய்க்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

சிஜிஎல் தேர்வு முடிந்த பிறகு தேர்வாணையம் தன் இணையதளத்தில் தற்காலிக விடைக்குறிப்போடு நாம் அளித்த விடைகளையும் சேர்த்து வெளியிடும். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அது கிடைக்காது என்பதால், முதல் நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கட்-ஆஃபுக்கு, அதாவது தேர்ச்சிக்கு வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்குக் கீழே போன என் தாளை இராமேசுவரத்தில் ஒரு கணினி மையத்தில் அச்செடுத்து, ஆங்கிலப் பகுதியில் இழந்த ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் காரணம் எழுதினேன். பொருளே தெரியாத கடினச் சொல்லால் இழந்தவை மிகக் குறைவு. எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வினா, மரபுத்தொடருக்குப் பொருள் கேட்கும் வினா, குளோஸ் டெஸ்டில் கோடிட்ட இடத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றில்தான் பெரும்பகுதி போயிருந்தது. குளோஸ் டெஸ்டில் நான்கு விருப்பங்களுக்கும் எனக்குப் பொருள் தெரிந்திருந்தும் எது அந்த வாக்கியத்தில் உட்காரும் என்று தெரியவில்லை. அந்த 3,000 சொற்களும் இந்த மூன்றில் எதையும் தொடவே இல்லை. தோற்றவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தச் சிவப்பு மை வேலைதான் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அது எந்த வகுப்பும் கற்றுத்தராதது, செலவு பத்து ரூபாய் பிரிண்ட் அவுட்.

பாதியில் விலகியபோது ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை, ரசீதின் பின்புறத்தில் 'கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளில், முழுக் கட்டணம் செலுத்தியவர் இடையில் விலகினால் மீதிக் காலத்துக்குரிய தொகையைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. விடுதிக் கட்டணத்துக்கும் அது பொருந்தும். மாநிலங்களுக்குச் சொல்லப்பட்ட நெறிமுறைதான் என்றாலும், எழுத்தில் கேட்கும்போது மேற்கோள் காட்டப் பயன்படும். பேசிப் பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமே இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியவந்தபோது அந்தக் காலம் தாண்டிவிட்டது. ரசீதையும் ஜிபே பதிவுகளையும் விளம்பர நோட்டீஸையும் பத்திரப்படுத்துங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு வேலையைத் தலைகீழாகத் தொடங்கினேன்: சொல்லிலிருந்து தேர்வுக்குப் போகாமல் தேர்வுத் தாளிலிருந்து சொல்லுக்கு வந்தேன். சிஜிஎல் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள், 50 மதிப்பெண். 2022இல் மாற்றப்பட்ட முறையின்படி இரண்டாம் கட்டத்தில் 45 வினாக்கள், 135 மதிப்பெண், அதாவது அங்கே ஒரு சொல்லின் விலை மூன்று மதிப்பெண். இரண்டிலும் சினானிம் (ஒத்த பொருள்), ஆன்டனிம் (எதிர்ப்பொருள்), ஒன் வேர்ட் சப்ஸ்டிடியூஷன் (ஒரு விளக்கத்துக்கு ஒரே சொல்), மரபுத்தொடர், ஸ்பெல்லிங், குளோஸ் டெஸ்ட் என்று சொல்லறிவைச் சோதிக்கும் வகைகள் திட்டமாக இருக்கின்றன. ஒரே தேர்வு பல ஷிஃப்டுகளில் நடப்பதால் ஓர் ஆண்டுத் தாள்களே ஏராளமாகக் கிடைக்கும். அவற்றைப் படித்துக்கொண்டே போனால், 'ப்ளூட்டோக்ரசி', 'ரெஜிசைட்', 'மிசோஜினிஸ்ட்' போன்ற சொற்களும் 'எ ஒயிட் எலிஃபன்ட்', 'டு பரி தி ஹாட்செட்' போன்ற தொடர்களும் திரும்பத் திரும்ப எதிரே வருவது புலப்படும். வினாவுக்குரிய சொல்லை மட்டும் எழுதாமல் தவறான மூன்று விருப்பங்களையும் குறித்துக்கொண்டேன். இந்த ஆண்டின் தவறான விருப்பம் அடுத்த ஆண்டின் வினாவாக வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முந்தைய சில ஆண்டுத் தாள்களிலிருந்து நானே திரட்டிய பட்டியல் அந்த ஜெராக்ஸ் கட்டில் பாதிகூட வரவில்லை.

திரட்டுவது ஒன்று, தங்க வைப்பது வேறு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்து காட்டினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு மறதி மெதுவாகிறது. வாக்கியமில்லாமல் கொடுக்கப்படும் ஜிஆர்இ சொல்லும் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருளற்ற அசைதான். மறக்கும் தறுவாயில் மீண்டும் பார்ப்பதே இதற்கு மருந்து. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறையை நான் பழைய பிஸ்கட் டப்பாக்களில் செய்தேன். சீட்டின் ஒரு பக்கம் வாக்கியத்தில் கோடிட்ட இடம், மறுபக்கம் சொல். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும், தவறினால் எந்த டப்பாவிலிருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கொருமுறை, மூன்றாவது வாரந்தோறும், கடைசி டப்பா மாதம் ஒருமுறை. ஈரக்காற்றில் சீட்டுகள் நமத்துப்போகத் தொடங்கியதும் ஆன்கிட்ராய்டு செயலிக்கு மாறினேன். அது ஆண்ட்ராய்டு பேசியில் இலவசம், சிக்னல் இல்லாவிட்டாலும் இயங்கும், எந்தச் சொல்லை என்றைக்குக் காட்ட வேண்டும் என்று தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் சொற்கள் நிரம்பிய ஆயத்தக் கட்டுகளை அதில் இறக்காதீர்கள். ஜெராக்ஸ் கட்டு பேசிக்குள் வந்ததுதான் மிச்சமாகும்.

ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்ற முறை எங்கே காலை வாருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'ஃப்ரூகல்', 'த்ரிஃப்டி', 'மைசர்லி', 'பார்சிமோனியஸ்' நான்குக்கும் எங்கள் கட்டில் 'சிக்கனமான' என்றே இருந்தது. முதல் இரண்டும் பாராட்டு, மூன்றாவது வசை, நான்காவது பெரும்பாலும் குறைகூறலோடு வருவது. வினாவில் முதலிரண்டில் ஒன்றும் கடைசி இரண்டில் ஒன்றும் விருப்பங்களாக நின்றால், அந்தக் கட்டைப் படித்தவர் காசு சுண்டித்தான் விடை எழுத வேண்டும். அதேபோல் எந்தச் சொல் எதோடு சேரும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். புகாரோடு 'லாட்ஜ்', அச்சுறுத்தலோடு 'போஸ்', கருத்தொற்றுமையோடு 'ரீச்' வரும். 'டீவாய்ட்' என்றால் 'ஆஃப்', 'அட்ஹியர்' என்றால் 'டு', 'ரிஃப்ரெய்ன்' என்றால் 'ஃப்ரம்' என்று வால்களையும் விடாதீர்கள். வாக்கியத்தில் பிழையைக் கண்டுபிடிக்கும் எரர் ஸ்பாட்டிங்கில் அந்த வால்தான் வினா.

வாக்கியங்களுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு எனக்கு விடை வீட்டிலேயே இருந்தது. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு வெளியிடும் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் தமிழிலும் வருகிறது. அப்பாவுக்காகத் தமிழ் அறிக்கையைத் தினமும் பார்ப்பேன், பிறகு அதே நாளின் ஆங்கில அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கினேன். தமிழில் 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்' என்று இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'கஸ்டிங் டு 65' என்று இருக்கும். 'ஸ்குவாலி வெதர்' மன்னார் வளைகுடாவின் மேல் 'லைக்லி டு பிரிவெய்ல்' என்றும், மீனவர்கள் அப்பகுதிக்குள் 'வென்ச்சர்' செய்ய வேண்டாம் என்றும் வரும். 'பிரிவெய்ல்' என்பதற்குப் பின் 'ஓவர்' வருவதும், 'வென்ச்சர்' வினைச்சொல்லாக நின்று 'இன்டு' கொள்வதும், 'அட்ஜாய்னிங்', 'ஐசோலேட்டட்', 'மாடரேட்' போன்றவை எங்கே உட்காரும் என்பதும் எந்த மனப்பாடமும் இல்லாமல் படிந்தன. புயல் காலத்தில் ஒரு வாரம் படித்தாலே 'இன்டென்சிஃபை', 'வீக்கன்', 'ரிகர்வ்' என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிடும், ஏனென்றால் அப்பாவின் படகு போகுமா போகாதா என்பது அந்தச் சொற்களில் இருந்தது.

மரபுத்தொடர்களிலும் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு, அதை ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. கப்பலோட்டி வாழ்ந்த நாட்டின் மொழி என்பதால் ஆங்கிலத்தில் கடல் தொடர்கள் ஏராளம். பாம்பனிலும் மண்டபத்திலும் கடல் உள்வாங்கும் நாட்களில் நாட்டுப்படகுகள் மணலில் தரைதட்டி நிற்பதைப் பார்த்தவருக்கு, 'ஹை அண்ட் ட்ரை' என்றால் கைவிடப்பட்டுத் தவிக்கும் நிலை என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. 'டு ரன் அக்ரவுண்ட்' அதே தரைதட்டல்தான், ஒரு திட்டம் தடைபட்டு நிற்பதற்குச் சொல்வது. காற்றே இல்லாமல் பாய்மரம் அசையாது நிற்கும் கடற்பகுதியிலிருந்து வந்தது 'இன் தி டோல்ட்ரம்ஸ்', தேக்கம் என்று பொருள். 'டு டேக் தி விண்ட் அவுட் ஆஃப் ஒன்ஸ் செய்ல்ஸ்', 'ஆன் அன் ஈவன் கீல்', 'டு லேர்ன் தி ரோப்ஸ்' ஆகியவற்றை அப்பாவிடம் காட்சியாக விளக்கிச் சொல்வேன். அவர் பதிலுக்குச் சொல்லும் நம்மூர்ப் பேச்சையும் சீட்டில் குறித்துக்கொள்வேன். கடல் சாராத தொடர்கள் எனக்கு இன்றும் அவ்வளவு இலகுவாக வருவதில்லை.

வங்கித் தேர்வுக்குச் சற்று வேறு சொற்கள் வேண்டும். முதனிலையில் ஆங்கிலத்துக்கு 30 வினாக்கள், 20 நிமிடம், அந்தப் பகுதிக்கென்று தனிக் கட்-ஆஃப்; நேரடியாகப் பொருள் கேட்பது குறைவு, பொருளாதாரப் பத்திகளுக்குள் புதைத்துக் கேட்பது அதிகம். ரிசர்வ் வங்கி இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடும் நாணயக் கொள்கை அறிக்கையின் முதல் சில பத்திகளைப் படித்தால் 'ரெசிலியன்ட்', 'சப்டியூட்', 'ஹெட்விண்ட்ஸ்', 'அக்காமடேட்டிவ்' எல்லாம் தவறாமல் சந்திக்க வரும். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் செய்திக்குறிப்புகள் பல ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கின்றன; வானிலை அறிக்கையைப் போலவே இணைத்துப் படிக்கலாம். நாளிதழ்த் தலையங்கம் நல்லதுதான், ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்கினால் ஒரு பத்திக்கு அரை மணி நேரமாகி மனம் விட்டுப்போகும்.

லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைப் பற்றிச் சுருக்கமாக: 'சைட்' என்றால் கொலை, 'க்ரசி' என்றால் ஆட்சி என்று ஒரு முப்பது நாற்பது வேர்கள் ஒன் வேர்ட் சப்ஸ்டிடியூஷனுக்கு உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். 'இன்' வந்தால் எதிர்மறை என்று கற்றவர் 'இன்ஃப்ளேமபிள்' என்பதையும் 'இன்வேல்யுவபிள்' என்பதையும் பார்த்து ஏமாறுவார். முன்னது எளிதில் தீப்பற்றுவது, பின்னது விலைமதிப்பற்றது. ஸ்பெல்லிங்கைக் கண்ணால் படித்தால் போதாது. 'அக்காமடேஷன்' சொல்லில் இரண்டு சி, இரண்டு எம், 'ஆக்கரன்ஸ்' சொல்லில் இரண்டு சி, இரண்டு ஆர், 'மில்லெனியம்' சொல்லில் இரண்டு எல், இரண்டு என் என்று வாய்விட்டுச் சொல்லிக் கையால் எழுத வேண்டும்.

தேர்வறையில் தெரியாத சொல் வந்தால் என்ன செய்வது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. சிஜிஎல் முதல் கட்டத்தில் சரிக்கு 2, தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு. நான்கில் இரண்டை விலக்க முடிந்தால் துணிந்து எழுதலாம். இரண்டாம் கட்டத்தில் சரிக்கு 3, தவறுக்கு 1 கழியும். ஒன்றையும் விலக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, ஒன்றை விலக்கினாலே லாபம். வங்கித் தேர்வில் ஐந்து விருப்பம், கால் மதிப்பெண் கழிவு என்பதால் அங்கேயும் குருட்டு யூகம் பயன் தராது. ஒரு சொல்லின் பொருள் தெரியாவிட்டாலும் அது பாராட்டா வசையா என்று தெரிந்தாலே பெரும்பாலும் இரண்டு விருப்பங்கள் விழுந்துவிடும். அதனால் சீட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடத் தவறாதீர்கள்.

பணம் கொடுத்துச் சேரும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமில்லாமல் வகுப்பு நடக்கிறது, 'நான் முதல்வன்' திட்டத்தில் போட்டித் தேர்வுப் பிரிவு இருக்கிறது, இராமநாதபுரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, மதுரைக்குப் போக முடிந்தால் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இவை போதாமல் சொல்வள வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், டெமோ வகுப்புக்குப் போகும்போது சென்ற ஆண்டு சிஜிஎல் தாள் ஒன்றை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அவர்கள் தரும் சொற்பட்டியலை வாங்கி, அந்தத் தாளில் கேட்கப்பட்ட சொற்களிலும் தொடர்களிலும் எத்தனை அதில் இருக்கின்றன என்று அங்கேயே உட்கார்ந்து டிக் செய்து பாருங்கள். பட்டியலைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.